அபராதத்தோடு முடிவதில்லை

திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் உள்ள அய்யலூரில் வியாழன்தோறும் ஆட்டுச்சந்தை கூடுகிறது. ஆடுகளை ஏற்றிச்செல்லும் ஓட்டுநர் எவரேனும் மது அருந்திப் பிடிபட்டால், ‘பத்தாயிரம் கட்டினால் தீர்ந்தது’ என்பர். அது பிழைக் கணக்கு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். விபத்து நேர்ந்திருக்க வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். குற்றம் உறுதியானால், குறைந்தது ஆறு மாதம் வாகனம் ஓட்டும் தகுதியையும் நீதிமன்றம் பறித்தாக வேண்டும். வண்டியையே நம்பிய குடும்பத்திற்கு அபராதத்தைவிடப் பெரிய இழப்பு இதுவே; வண்டிக் கடனின் தவணையோ மகளின் கல்லூரிக் கட்டணமோ அதுவரை காத்திராது.

கடுமை மிகுதி என்போர் உளர். ஆட்டுக்குட்டியைத் தோளிலிட்டு இருளில் அச்சாலையைக் கடக்கும் முதியவருக்கு, ஓட்டுநரின் தெளிவன்றி வேறென்ன காப்பு உண்டு?