படியில விழுந்தேன்னா படிப்புலயா?

போன வாரம் ஈஸ்ட்ஹாம்ல நான் குடியிருக்கிற வீட்டு மாடிப்படியில வழுக்கி முட்டியைப் பேத்துக்கிட்டேன். ராத்திரி அம்மாகிட்ட போன்ல "படில விழுந்துட்டேம்மா"ன்னேன். லைன் சரியில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே காணோம். அப்புறம் மெதுவா, "எந்தப் பேப்பர்டா?"

அம்மா காதுல 'படிப்புல'ன்னு விழுந்திருக்கு. சிரிச்சுச் சமாளிச்சேன். ஆனா விஷயம் என்னன்னா, ஒரு பேப்பர் நிஜமாவே போயிருக்கு மக்கா. வீட்ல இன்னும் சொல்லலை.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்தப் 'படி'யைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். ஏறுறதும் படி, வாசிக்கிறதும் படி. அரிசி அளக்கிறதும் படி, எட்டுப் படி ஒரு மரக்கால். அப்பாவுக்கு வருஷம் ரெண்டு தடவை ஏறுற பஞ்சப்படியும் படி. ஓலையில நகல் எடுத்தா படியெடுக்கிறது. தூசி படியும், தலைமுடி படியாது, ரூமுக்கு வாடகை பேரமும் படியலை. சொன்னபடி, நினைச்சபடின்னு ஒட்டிக்கிட்டு வர்றது ஒண்ணு. பழைய பாட்டுல படின்னா பூமி. அளக்கிற படியிலேர்ந்துதான் 'படியளக்கிற சாமி' வந்தது. சம்பளத்துப் படியும் அந்த வழியில வந்ததுதான்னு தோணுது.

இங்கே ஃப்ளீட் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்துல, கஃப் ஸ்கொயர்ல, சாமுவேல் ஜான்சன் அகராதி எழுதின வீடு மியூசியமா இருக்கு. 1755-ல வந்த அந்த அகராதியில 'டேக்' என்கிற ஒரு சொல்லுக்கே 130-க்கும் மேல அர்த்தம் பிரிச்சிருக்கார். இருபது வருஷம் கழிச்சு, 1775-ல, ஜான் வாக்கர்னு ஒருத்தர் லண்டன்ல இன்னொரு அகராதி போட்டார். சொற்களைக் கடைசி எழுத்திலேர்ந்து அடுக்கினது. கவிதைக்கு ரைம் தேடுறவனுக்கு அதான் வசதி. அர்த்தத்துக்கு ஒரு புத்தகம், ஓசைக்கு வேற புத்தகம்.

நம்மாளுங்க இதை வேற மாதிரி செஞ்சிருக்காங்க. மண்டலபுருடர் எழுதின சூடாமணி நிகண்டுல மொத்தம் பன்னிரண்டு தொகுதி. பதினொண்ணாவது தொகுதி 'ஒருசொல் பல்பொருள்', அதாவது பல அர்த்தம் உள்ள சொற்களுக்கு மட்டும். அதை அகர வரிசையில அடுக்கலை, எதுகை வரிசையில அடுக்கியிருக்கார். ககர எதுகை, ஙகர எதுகைன்னு இரண்டாம் எழுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் அதை மனப்பாடம் பண்ணிட்டா, ஒரு சொல்லைத் தொட்டதும் அதோட அர்த்தங்களும் வரும், எதுகைச் சொற்களும் வரிசையா வந்து நிக்கும். 1732-ல வீரமாமுனிவர் செஞ்ச சதுரகராதியிலயும் நாலு பகுதியில ஒண்ணு தொடையகராதி, எதுகை தேடுறதுக்குன்னே. வாக்கருக்கு நாற்பது வருஷம் முன்னாடி, அதுவும் ஒரு இத்தாலிக்காரர்!

இதைப் பெருமை பீத்திக்கச் சொல்லலை. எதுகை மோனைன்னாலே 'அலங்காரம்', 'அடுக்குமொழி'ன்னு நக்கலடிக்கிற கோஷ்டி ஒண்ணு இருக்கு. அவங்களோடதான் எனக்குச் சண்டை. அலங்காரம்னா எதுக்குய்யா அகராதிக்குள்ள கொண்டு போய் வைக்கிறான்? அது ஞாபகத்தோட அலமாரி. ஆனா இன்னொரு பக்கம், வெண்பா எழுதுறேன்னு படி, அடி, இடி, வெடின்னு காதுக்கு வந்ததை எல்லாம் அள்ளிக் கொட்டுற நம்ம கூட்டம் (நானும்தான்) நக்கலுக்கு உரியதுதான்.

படிக்கு எதுகை தேடிப் பாருங்க. முதல் எழுத்து குறிலா இருக்கணும், அதனால 'பாடி', 'நாடி' எல்லாம் ஆட்டத்துல இல்லை. மிச்சம் அடி, பிடி, முடி, நொடி, குடி, மடி, கடி, செடி, பொடி... இதுல அடி நீளத்துக்கு அளவு. பிடி கையளவு. நொடி நேரத்துக்கு அளவு. முடின்னா நாற்றுக் கட்டு. படியை அளவுங்கிற அர்த்தத்துல வச்சா இத்தனையும் சொந்தக்காரங்க, உள்ளே வந்து உக்காந்துக்கும். அதே படியைப் படிப்புன்னு வச்சா அடிக்கு வாத்தியார் பிரம்பு ஞாபகம் வருது, முடி 'கோர்ஸை முடி'ன்னு மிரட்டுது, நொடி 'நொடிச்சுப் போறது' ஆயிடுது (ஃபீஸ் கட்டினவனுக்குத் தெரியும் :-)). எதுகை அதேதான், ஆனா உள்ளே எரியுற விளக்கு வேற. எந்த அர்த்தத்துல நிக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டு எதுகையை எடுக்கணும். ரெண்டு சொல்லுக்கும் நடுவுல ஒரு அறையாவது பொதுவா இருக்கணும். இல்லைன்னா அது வெறும் ஜால்ரா.

லண்டன்ல இதுக்கு நேர்த் தலைகீழா ஒண்ணு உண்டு. கிழக்கு லண்டன் காக்னி பேச்சுல மாடிப்படி, அதாவது ஸ்டேர்ஸ், 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' ஆயிடும், ரைமுக்காக. அப்புறம் ரைம் வர்ற 'பேர்ஸ்'ஸையே கழட்டி விட்டுட்டு வெறும் 'ஆப்பிள்ஸ்'னும் சொல்லுவாங்க. அர்த்தத்துக்கும் சொல்லுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வெளியாளுக்குப் புரியவே கூடாது. ஓசையை மட்டும் நம்பினா எங்கே போய் நிக்கும்னு பாருங்க, ஆப்பிள் மேல ஏறி மாடிக்குப் போகலாம். அழகான விளையாட்டுதான், ஆனா கதவைச் சாத்துற விளையாட்டு. நிகண்டு செஞ்சது திறந்து விடுற வேலை.

இப்ப எதைத் தேடினாலும் மெஷின் எதுகைப் பட்டியலை நொடியில கொட்டிடுது. ஆனா அர்த்தத்தோட சேர்த்து எதுகை வரிசையில, அந்தப் பதினொண்ணாவது தொகுதி மாதிரி, யாராவது நிரல் எழுதத் தெரிஞ்ச புண்ணியவான் ஒரு தேடுபொறி செஞ்சு குடுத்தா தேவலை. தரவு தட்டச்சு பண்ண நான் ரெடி, மறுதேர்வு முடிஞ்ச பிறகு.

முட்டி வீக்கம் வடிஞ்சிருச்சு. அம்மாகிட்டதான் இன்னும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை பேசுறப்ப, காதுல விழுந்தது சரிதாம்மான்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.