கட்டில் வாடகையும் இரண்டு தெனாரியமும்

கிறிஸ்துவில் அன்பார்ந்த ஜுபைல் வாழ் பங்கு மக்களே,

பட்டம் பெற்ற கையோடு அங்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள், தங்க இடம் கேட்டு முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். நல்ல குடியிருப்பின் வாடகைக்கு அவர்களுடைய வீட்டுப்படி எட்டாது. நீங்களோ பழைய நகரில், பலகை அடித்துப் பிரித்த அறையில் ஒரு கட்டிலைக் காட்டி, "நாங்களும் இப்படித்தான் தொடங்கினோம், அனுசரித்துக்கொள்" என்கிறீர்கள். சிலர் அக்கட்டிலுக்கே வாடகை வாங்கி இலாபமும் பார்க்கிறீர்கள்.

இது அனுபவ அறிவுரையன்று, ஆபத்தைக் கைமாற்றுவது.

உங்களுக்கு வடக்கே, அதே வளைகுடாக் கரையில், குவைத்தின் மங்காஃபில் 2024 ஜூன் 12 அதிகாலை தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்ததை மறந்தீர்களா? மாண்ட இந்தியர் நாற்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 7 பேர் தமிழ்நாட்டவர். தரைத்தளத்தில் பற்றிய தீயின் புகை, மேலே உறங்கியவர்களின் மூச்சை அடைத்தது. எளிதில் எரியும் தடுப்புகள் தீயை வளர்த்தன; மொட்டைமாடிக் கதவோ பூட்டிக் கிடந்தது.

நல்ல சமாரியர் காயத்துக்கு மருந்திட்டதோடு நிற்கவில்லை. சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்செலவையும் ஏற்றார். பாதுகாப்பான இடத்துக்குப் பணம் கொடுப்பதும் பிறரன்பே.

ஆகவே, புதிதாய் வருபவரின் முதல் மூன்று மாத வாடகையில் குறைவதை நீங்கள் கூடிப் பகிருங்கள். அறை காட்டுமுன், தப்பிக்க இரண்டாம் வழி உண்டா, மாடிக் கதவு திறக்கிறதா எனப் பாருங்கள். உங்கள் மகனை உறங்கவிடத் துணியாத அறையில் அடுத்தவர் மகனை உறங்கவைக்காதீர்கள்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை