குடும்ப செபம் ஏன் நவம்பர்ல நின்னு போகுது?

1/
அக்டோபர் கத்தோலிக்கர்களுக்கு செபமாலை மாதம். பட்டினப்பாக்கம், ஸ்ரீனிவாசபுரம், நொச்சிக்குப்பம், சாந்தோம் பக்கம் சாயங்காலம் நடந்து போனா வீட்டுக்கு வீடு செபமாலை சத்தம் கேட்கும். நவம்பர் பிறந்ததும் பல வீடுகள்ல அந்த நேரத்துக்கு சீரியல் சத்தம் திரும்பி வந்துடும். தவக்காலம் முடிஞ்சாலும் இதே கதைதான். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே நண்பர்களைக் கேட்டா, புத்தாண்டு ஆராதனையில எடுத்த "இனி தினமும் குடும்ப ஜெபம்" தீர்மானம் பொங்கல் வரைக்கும் தாங்குறதே பெரிசும்பாங்க.

2/
இதுக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சுன்னு ஒரு பதில் உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நான் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். பிரஷர் மாத்திரையை தினமும் போட வைக்க ஓபியில நாங்க படுற பாடும் இதுவும் ஒண்ணுதான். உயிர் மேல ஆசை இல்லாமயா மாத்திரையை விடுறாங்க? அந்த மாத்திரைக்கு ஒரு நாள்ல நிலையான இடம் அமையல, அவ்வளவுதான். குடும்ப செபமும் அப்படித்தான் நிக்குதுங்கிறது என் கருத்து. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. வேற மதத்து நண்பர்களும் படிக்கலாம், உங்க வீட்டு வழிபாட்டுக்கும் இதுல பாதி பொருந்தும்.

3/
முதல்ல ஒரு கட்டுக்கதையை ஓரமா வெச்சிடுவோம். "21 நாள் செஞ்சா எதுவும் பழக்கமாயிடும்." இது 1960ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதின புத்தகத்துல இருந்து கிளம்பினது. தன்னோட நோயாளிகள் புது முகத்துக்குப் பழக குறைஞ்சது மூணு வாரம் ஆகுதுன்னு அவர் கவனிச்சார். அது காலப்போக்குல எல்லாப் பழக்கத்துக்குமான சட்டமா மாறிப்போச்சு.

4/
லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு இதை அளந்து பார்த்தாங்க, முடிவு 2010ல் வெளியாச்சு. 96 பேர். ஆளுக்கு ஒரு புதுப் பழக்கத்தை தினமும் ஒரே சூழல்ல செய்யணும், உதாரணமா மதிய சாப்பாட்டோட ஒரு பழம். அது தானா நடக்கிற அளவுக்கு வர நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்னு கணக்கு வந்தது. அதனால ஒரு மாசத்துல பழக்கம் ஒட்டலைன்னா உங்க வீட்டுல ஏதோ கோளாறுன்னு நினைக்காதீங்க. அக்டோபருக்கு 31 நாள்தானே.

5/
அதே ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பழக்கம் உடையல. ஓபியில நான் பார்க்கிறதும் இதுதான்: ஒரு நாள் மாத்திரை மறக்கிறவரால பெரிய பிரச்சினை இல்லை. "ஒரு நாள் விட்டாச்சு, இனி எதுக்கு"ன்னு மொத்தமா நிறுத்துறவர்தான் பக்கவாதத்தோட வர்றார். கல்யாண வீடு, மழை வெள்ளம், நைட் டூட்டின்னு ஒரு நாள் செபம் நின்னா மறுநாள் தொடருங்க. விட்ட நாளுக்கும் சேர்த்து ரெண்டு மடங்கு சொல்லி ஈடுகட்ட வேண்டாம்.

6/
சரி, எப்போ செய்யலாம்? கடிகார நேரத்தை விட, வீட்டுல ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோட கட்டுறது உறுதி. இது புதுசும் இல்லை. இணைச்சட்டம் (உபாகமம்) 6ஆம் அதிகாரம் இறைவார்த்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ற நேரங்களைப் பாருங்க: வீட்டுல உட்காரும்போது, வழியில நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது. நாலுமே எப்படியும் நடக்கிற காரியங்கள். காலை, நண்பகல், மாலை கோயில் மணியோட சேர்ந்த மூவேளை செபமும் இதே ஏற்பாடுதான். மணி அடிச்சா கை தானா சிலுவை போடும்.

7/
நம்ம ஏரியாவுல எல்லா வீட்டுக்கும் ஒரே நேரம் சரிப்படாது. ஃபைபர் படகுல விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போறவர் வீட்டுல ராத்திரி 9 மணி செபம் நடக்காது, அவர் தூங்கியிருப்பார். அங்க விளக்கு போடுற நேரம் சரியா வரும். சாப்பாடு டெலிவரி ஓட்டுற பையனுக்கு ராத்திரிதான் வேலையே, அந்த வீட்டுக்குக் காலை காபி நேரம். ஐடி வேலை வீட்டுல ராத்திரி சாப்பாட்டுத் தட்டு வைக்கிறதுக்கு முன்னாடி. பங்குல சொல்ற நேரம் உங்க வீட்டுக்குப் பொருந்தலைன்னா வீட்டுக்கு ஏத்த நேரத்தை எடுத்துக்கோங்க.

8/
எவ்வளவு நேரம்? இங்கதான் பெரும்பாலான வீடு சறுக்குது. முதல் நாளே முழு செபமாலை, மன்றாட்டு மாலை, ரெண்டு அதிகாரம், நாலு பாட்டு. மூணாம் நாள் பிள்ளைகளுக்குத் திடீர்னு வயித்து வலி வரும். மருந்தைக் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு ஏத்துற மாதிரி செய்ங்க. ஒரே ஒரு மறையுண்மை, அதாவது பத்து மங்கள வார்த்தை. நாலு நிமிஷம் போதும். இல்லைன்னா விவிலியத்துல ஒரு பத்தி, ஒரு நன்றி, ஒரு வேண்டுதல். ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்னு ஒரு ஊர்ல மொராவியன் சபையார் நாளுக்கு ஒரு வசனம்னு 1728ல் ஆரம்பிச்சாங்க. 1731ல் இருந்து புத்தகமா வருது, இன்னைக்கும் வந்துக்கிட்டிருக்கு. கிட்டத்தட்ட 300 வருஷம் நின்னது அந்தச் சின்ன டோஸ்தான். வார்த்தையை அடுக்கினாதான் கேட்கப்படும்னு நினைக்காதீங்கன்னு மத்தேயு 6ல் இயேசுவே சொல்லியிருக்கார்.

9/
யார் நடத்துறது? மீன் எடுக்க விடியக்காலை காசிமேட்டுக்குப் போய், லூப் ரோட்டுல வித்து, வீட்டுக்கு வந்து சமைச்சு, பாத்திரம் கழுவி, அதுக்கப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு செபமும் நடத்துறது அம்மாதான். மத்தவங்க கட்டில்ல படுத்துக்கிட்டே பதில் சொல்வாங்க. அந்த அம்மாவுக்கு அது இன்னொரு வீட்டு வேலை. அவங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா செபமும் நின்னுடும். முறை போடுங்க. திங்கள் அப்பா, செவ்வாய் பொண்ணு, புதன் பையன். தான் நடத்துற நாளை எந்தப் பிள்ளையும் மறக்காது.

10/
இது கொஞ்சம் கசக்கும். செப நேரத்தை பஞ்சாயத்து நேரமா மாத்தாதீங்க. "ஆண்டவரே, இவன் போனைக் கீழ வைக்கணும், மேத்ஸ்ல பாஸ் ஆகணும்"னு பையன் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது சத்தமா வேண்டுறது அவனைத் திட்டுறதுதான். ஆண்டவர் பேரைச் சொல்லித் திட்டுறதால அவனால திருப்பியும் பேச முடியாது. புருஷன் குடியையும் இப்படித்தான் செபத்துல போட்டு உடைப்பாங்க. அடுத்த வாரம் பையன் டியூஷன்லயே இருப்பான், புருஷன் தெருமுனையில நிப்பார். சொல்ல வேண்டியதைத் தனியா, நேரா அவங்ககிட்ட சொல்லுங்க. செபத்துல அவங்களுக்காக நன்றி சொல்லுங்க.

11/
உடம்புக்கு லாபம் உண்டான்னு கேட்பீங்க. 2001ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல லூசியானோ பெர்னார்டி குழுவோட ஒரு ஆய்வு வந்தது. 23 ஆரோக்கியமானவங்க லத்தீன்ல மங்கள வார்த்தை சொன்னாங்க, யோக மந்திரமும் சொன்னாங்க. ரெண்டுலயுமே மூச்சு நிமிஷத்துக்கு ஆறு அளவுக்கு நிதானமாச்சு, ரத்த அழுத்தத்தைச் சமன் பண்ற அனிச்சைச் செயல் மேம்பட்டது. சந்தோஷமான விஷயம்தான். ஆனா சின்ன ஆய்வு, அந்த நேரத்து விளைவு மட்டும். இதை நம்பி யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

12/
டாக்டரா நான் இதை விரும்புறதுக்குக் காரணம் வேற. வீட்டுல எல்லாரும் போன் இல்லாம ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற பத்து நிமிஷம் இப்போ அபூர்வம். தினமும் அதே செபத்தைச் சொல்ற தாத்தாவுக்கு இன்னைக்கு நாக்கு குழறுது, வாய் ஒரு பக்கம் இழுக்குதுன்னா பக்கத்துல இருக்கிறவங்களுக்கு உடனே தெரியும். அது பக்கவாதமா இருக்கலாம். செபத்தை முடிச்சிட்டுப் பார்ப்போம்னு இருக்காதீங்க, 108ஐக் கூப்பிடுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பத்து நாளா பதில் சொல்லாம தரையையே பார்த்துக்கிட்டிருக்கிற பொண்ணும் அங்கதான் கண்ணுல படுவா. அவகிட்ட பேசுங்க. மன அழுத்தம் விசுவாசக் குறைவு இல்லை, அதுவும் நோய். 14416 டெலி மானஸ், கட்டணம் இல்லை.

13/
மறதி நோய் வந்த பாட்டியையும் உட்கார வைங்க. காலையில என்ன சாப்பிட்டாங்கன்னு நினைவு இருக்காது. ஆனா சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின செபம் பல பேருக்குக் கடைசி வரைக்கும் வரும். நாள் முழுக்க "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு"ன்னு கேட்கிறவங்க, அந்த நாலு நிமிஷம் எல்லாரோடும் சேர்ந்து சரியாச் சொல்வாங்க.

14/
சில மருத்துவக் குறிப்புகள்.
– சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போட்டுட்டு நீளமான செபத்துல உட்காராதீங்க, சர்க்கரை இறங்கிடும். செபம் முடிச்சு ஊசி, அப்புறம் டாக்டர் சொன்ன நேரத்துல சாப்பாடு.
– மூட்டு வலிக்காரங்க முழங்கால் போட வேண்டியதில்லை. நாற்காலி போதும்.
– சர்க்கரை நோயாளிகள் உபவாசத்துக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க.
– தாத்தா பாட்டியோட ராத்திரி மாத்திரை டப்பாவை விவிலியத்துக்குப் பக்கத்துல வைங்க, குழந்தை கைக்கு எட்டாத உயரத்துல. செபம் முடிஞ்சதும் மாத்திரை. ரெண்டு பழக்கமும் ஒண்ணை ஒண்ணு தாங்கும்.

15/
1964ல் ரெண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை வீட்டுத் திருச்சபைன்னு சொல்லுச்சு. முதல் கிறிஸ்தவங்களும் வீடுகள்லதான் கூடினாங்க. அந்த வீடுகள்லயும் குழந்தை அழுதிருக்கும், அடுப்புல ஏதாவது தீய்ஞ்சிருக்கும். உங்க வீட்டுச் செபம் பேராலயத் திருப்பலி மாதிரி இருக்கணும்னு எதிர்பார்க்காதீங்க.

இன்னைக்கு ராத்திரி ரெண்டு விஷயம் மட்டும் முடிவு பண்ணுங்க: எந்தக் காரியத்தோட கட்டப் போறோம், முதல் நாள் யார் நடத்துறது. நாலு நிமிஷம் போதும். 66 நாள் கழிச்சு எப்படி இருக்குன்னு இங்க வந்து சொல்லுங்க, காத்திருக்கேன்.


ஒரு அரசு மருத்துவர், பட்டினப்பாக்கம்