ராத்திரிக்கு என்ன வாடகை பாஸ்?

சக்கரம் வெச்ச வீடு இருந்தா வாடகையே கிடையாதுன்னு நினைச்சீங்களா? அமெரிக்காவில் ஆர்.வி. வண்டியை ராத்திரி நிறுத்தவும் காசு பாஸ்! தனியார் பார்க்கில் கரன்ட், தண்ணி, கழிவுநீர்க் குழாய் மூணும் வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். பேரு ‘ஃபுல் ஹூக்கப்’. பில்லு எகிறுறது அதுக்குத்தான்.

ஆனா, யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ‘அப்பர் பைன்ஸ்’ முகாமில் 2023-ல் ஒரு ராத்திரிக்கு 36 டாலர். மூணுல ஒண்ணுகூட கிடையாது. இருந்தும் புக்கிங் திறந்தா சில நிமிஷத்தில் காலி! நடக்கிற தூரத்தில் அருவி இருந்தா, பிளக் பாயின்ட்டை யார் தேடுறாங்க?

இதைவிட சல்லிசும் உண்டு. அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் ஊர்ப்பக்கம் அரசு நிலம். 2023-24 சீசனுக்கு 180 டாலர் கட்டினா, செப்டம்பர் 15-லிருந்து ஏப்ரல் 15 வரை தங்கலாம். கணக்குப் போடுங்க, நாளுக்கு ஒரு டாலர்கூட ஆகலை. குளிருக்குப் பயந்து வர்ற ரிட்டயர்டு தாத்தா, பாட்டிங்க விடுவாங்களா?

அதனால, டேங்க் நிறையுற வரைக்கும் சும்மா கிடைக்கிற இடத்தில் ஓட்டிட்டு, நாலு நாளைக்கு ஒருவாட்டி மட்டும் ஹூக்கப் பார்க்குக்குப் போங்க. குளியலைக் குறைச்சா டேங்க் அஞ்சாவது நாளும் தாங்கும். கூட வர்றவங்கதான் தாங்கணும்!