விசாரணையின்றி ஒரு தீர்ப்பு

கணனி திடீர் திடீரென நின்றுபோனால் திருத்துநர் பலர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றேதான்: "ஃபோர்மற் அடித்துப் பார்ப்போம், ஐயா." இந்த அவசரத்தை நான் ஏற்பதில்லை. காரணம், பட்டறிவு.

எனது மேசைக் கணனியில் 8 ஜிபி றாம் இருந்தது. அது போதாதென்று, 3200 வேகக் குறியீடுடைய இன்னுமொரு 8 ஜிபி டிடிஆர்4 றாமை வாங்கிப் பொருத்தினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாயிற்று. ஒருநாள் ஐந்து மணித்தியாலம் ஒழுங்காக இயங்கும். மறுநாள் கட்டுரையின் இரண்டாம் பந்தியிலேயே நீலத்திரை தோன்றும்.

விண்டோஸின் ஈவென்ற் வியூவரைத் திறந்தேன். 41 என்ற இலக்கமிட்ட பதிவுகள் வரிசையாக நின்றன. கணனி முறைப்படி நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதையே அவ்விலக்கம் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. செய்தியாளனுக்கு இது பழகிய நிலைமை. சம்பவம் தெரியும், காரணம் தெரியாது.

கடைசியாக மாறியது எது? புதிய றாமைக் கழற்றினேன், தொல்லை நின்றது. ஆனால் அதுதான் பழுது என்று அங்கேயே முடிவுகட்டியிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். மெம்ரெஸ்ற்86 கொண்டு இரண்டையும் தனித்தனியே இரவு முழுவதும் சோதித்தேன், இரண்டும் தேறின. சேர்த்துப் பொருத்தியபோதே பிழைகள் வெளிப்பட்டன. பயோஸில் எக்ஸ்எம்பி என்ற அதிவேக அமைப்பை நிறுத்தி, வேகத்தை 2666 ஆகக் குறைத்ததும் அவை மறைந்தன. இரண்டு றாம்களும் குற்றமற்றவை. வெவ்வேறு தயாரிப்புகளை ஒன்றாகப் பூட்டி உச்ச வேகத்தில் ஓட்டிய என் ஆசையே குற்றவாளி.

ஃபோர்மற் அடித்திருந்தால்? தடயங்கள் அழிந்திருக்கும், பிழை மட்டும் எஞ்சியிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நினைவகம் தவறிழைக்கும் வேளையில் பிரதியெடுக்கப்படும் கோப்புகள் ஓசையின்றிச் சிதையலாம். பல்லாண்டுக் குறிப்புகளை அந்நிலையில் பிரதியெடுத்து, மூலத்தையும் அழித்திருந்தால் எனக்கு எஞ்சுவது என்ன?

ஆகவே, வரிசை முக்கியம். முதலில் புதிய பாகத்தைக் கழற்றுங்கள். பின்னர் கோப்புகளைப் பிரதியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். அதன்பின் ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். நினைவகம் தேறினால் மின்வழங்கி, வெப்பம், ட்ரைவர் என ஒவ்வொன்றாகச் செல்லலாம்.

இதற்கு ஓரிரு இரவுகள் செலவாகும். ஃபோர்மற் அடிக்க ஒரு மணித்தியாலம் போதும். ஆனாலும் விரைவாகக் கிடைத்த தீர்ப்பெல்லாம் நீதியாகிவிடாது.