மகனுக்கா, மருமகனுக்கா, மகளுக்கா?



சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன குடும்பம் ஒன்றாவது இல்லாத சொந்தபந்தம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டா? பத்து சென்ட் தென்னந்தோப்புக்காக அண்ணனும் தங்கையும் கல்யாண வீட்டில்கூட முகம் பார்ப்பதில்லை. கேட்டால், "காலங்காலமா ஆம்பிளைப் பிள்ளைக்குத்தானே சொத்து?" என்பார்கள்.

உண்மையிலேயே காலங்காலமாக அப்படித்தானா?

நம் மாவட்டத்து நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள் பலவற்றில், நூறு வருஷத்துக்கு முன்புவரை அப்பாவின் சொத்து மகனுக்குப் போகவில்லை. அக்கா, தங்கையின் பிள்ளைகளுக்குப் போனது. அதுதான் மருமக்கள் வழி. நிர்வாகம் முழுக்கக் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் கையில். அவர் கண்ணை மூடினால், மனைவிக்கும் சொந்தப் பிள்ளைகளுக்கும் 'உகந்துடைமை' என்று பிரியத்தின் பேரில் கொடுக்கும் ஒரு சிறு பங்குதான். அதற்கும் இழுபறி, அதற்கும் கோர்ட்டு. இத்தனைக்கும் அதே நாஞ்சில் நாட்டில், சொத்து சொந்தப் பிள்ளைகளுக்கே போகும் மக்கள் வழி வேளாளர்களும் வாழ்ந்தார்கள். ஒரே மண், ஒரே சமூகம், இரண்டு வழக்கம்!

இந்த மருமக்கள் வழி படுத்திய பாட்டை ஊரே சிரிக்கும்படி எழுதியவர் நம் தேரூர்க்காரர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' முதலில் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்த நூல் அது. படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின், அந்தப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்ற கேள்வி மனசில் நிற்கும்.

சமூகத்துக்குள்ளேயே எழுந்த குரல்களுக்குப் பலன் கிடைத்தது. கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926 வாக்கில், திருவிதாங்கூரில் மருமக்கள் வழியை மாற்றியமைக்கும் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. 1956-ல் டெல்லியில் இந்து வாரிசுரிமைச் சட்டம் இயற்றியபோது, அதன் மூன்றாம் பிரிவில் அந்தச் சட்டத்தின் பெயரையும் சேர்த்தார்கள். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததும் அதே வருஷம்தான்.

தாய் வழியில் சொத்துப் போவது உலகத்தில் நம் பகுதிக்கு மட்டும் உரியதா? இல்லை. ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், நமீபியாவில், ஹெரேரோ என்ற மக்கள் இருக்கிறார்கள். மாடுதான் அவர்கள் செல்வம், அதுதான் கௌரவம். அந்தப் பெண்கள் விசேஷ நாளில் கட்டும் தலைப்பாகைகூட மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். பாவாடை கணுக்கால் வரை அகன்று விரியும். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் அணிந்ததைப் பார்த்து, தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட உடை அது.

ஒவ்வொரு ஹெரேரோவுக்கும் இரண்டு குலம். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. முன்னோரை வணங்கும் புனித நெருப்பும், அதற்குரிய புனித மாடுகளும் அப்பா வழியில் போகும். மற்ற மாடுகள் அம்மா வழியில் போகும். தாய்மாமன் மந்தை மருமகனுக்கு! நம் காரணவர்கள் கேட்டிருந்தால், "அட, நம்ம ஆளு!" என்றிருப்பார்கள்.

ஆனால் ஹெரேரோ மக்கள் பட்டது நம் கற்பனைக்கு எட்டாதது. ஜெர்மானியர் ஆட்சியை எதிர்த்து 1904 ஜனவரியில் எழுந்தார்கள். ஆகஸ்டில் வாட்டர்பெர்க் சண்டையில் தோற்று, குடும்பம் குடும்பமாக ஒமஹெகே பாலைவனத்துக்குள் துரத்தப்பட்டார்கள். அவர்களை அழித்துவிடும்படி அக்டோபர் 2-ஆம் தேதி தளபதி லோதர் ஃபான் ட்ரோத்தா ஆணையிட்டார். தாகத்திலும், பிறகு முகாம்களிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஆளுநரின் அனுமதியின்றி நிலமோ மாடோ வைத்திருக்கக் கூடாது என்று ஜெர்மானியர் 1907-ல் விதி போட்டார்கள். பங்கு வைக்க மாடே இல்லாதபோது எந்த வழியில் கொடுப்பது?

அப்படியும் அவர்கள் சிதறிப்போகவில்லை. 1923-ல் தங்கள் தலைவர் சாமுவேல் மகரேரோவை ஒகஹாண்ட்யாவில் அடக்கம் செய்தபோது கூடினார்கள். இன்றும் வருஷா வருஷம் ஆகஸ்டில் அங்கே கூடுகிறார்கள். நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி 2021-ல்தான் ஒப்புக்கொண்டது.

ஹெரேரோவின் வழக்கத்தை அந்நியன் பலவந்தமாகக் குலைத்தான். நாமோ நம் வழக்கத்தை நாமே பேசி, எழுதி, சட்டம் கேட்டு மாற்றிக்கொண்டோம். இது எவ்வளவு பெரிய பாக்கியம்! அந்தப் பாக்கியத்தை முழுசாகப் பயன்படுத்தினோமா?

மருமக்கள் வழியில் மனைவியும் அவள் பிள்ளைகளும் வெளியே நின்றார்கள். மக்கள் வழி வந்ததும் மகள் வெளியே நின்றாள். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் உண்டு என்று தமிழ்நாடு 1989-ல் சொன்னது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. பிறப்பாலேயே மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிறிஸ்தவ வீடுகளிலும் இதே கதைதான். பழைய திருவிதாங்கூர்ச் சட்டப்படி சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து மகளுக்குக் கிடைத்தது, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது! கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் அதை மாற்றினார்.

சட்டம் சரி, வீட்டில் என்ன நடக்கிறது? "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், விடுதலைப் பத்திரத்தில் தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அவளும் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்று, படிக்காமலே போட்டுவிடுகிறாள். விருப்பப்பட்டு விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. கேட்க விடாமல் வாங்குவது பெருந்தன்மையா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நன்றாக இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். மதத்துக்கு மதம் சட்டம் மாறும் என்பதால், ஒரு வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள். மகள்களே, எந்தப் பத்திரமானாலும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிவான பத்திரத்தைத் திரும்பப் பெறுவது சுலபமில்லை.

உங்கள் குடும்பத்தில் மருமக்கள் வழியைப் பார்த்த பெரியவர்கள், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்