இரத்தம் எடுத்தாயிற்று, மருந்து எப்போது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

விலங்கியல் மாணவர்களாகிய எங்களுக்குக் கதிர் அரிவாள் சோகை சுவையான பாடம். ஹீமோகுளோபினில் ஒரு குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. வட்டமான செல் அரிவாளாக வளைகிறது. இந்த மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கொடிய மலேரியாவிலிருந்து பெரிதும் தப்புகிறார். இருவரிடமிருந்தும் பெற்றவர் நோயாளியாகிறார். இயற்கைத் தேர்வுக்கு இது தக்க சான்று என்று எழுதினால் மதிப்பெண் உறுதி. அந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. நான் கேட்க விரும்புவது அதைத்தான்.

அமெரிக்காவில் இந்நோய் பெரும்பாலும் கறுப்பின மக்களை வாட்டுகிறது. நம் நாட்டில் பெரும்பாலும் பழங்குடி மக்களை. 1952-ஆம் ஆண்டிலேயே லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நம் நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர் ஆகியோரின் இரத்தத்தில் இதைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் இரத்தம் ஆய்வேடுகளில் ஏறியது. மலையில் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

மருந்தே இல்லாத நோய் என்றால் விதியை நொந்துகொள்ளலாம். ஆனால் மருந்து உண்டே! நாள்தோறும் பென்சிலின் கொடுத்தால் இந்நோயுள்ள குழந்தைகளின் கொடிய தொற்று 84 விழுக்காடு குறையும் என்று 1986-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு 4.5 தடவை வந்த கடும் வலி, ஹைட்ராக்சியூரியா உண்டவர்களுக்கு 2.5 தடவையாகக் குறைந்தது என்று 1995-இல் தெரிந்தது. இரண்டுமே அப்போது புதிய மருந்துகள் அல்ல. ஒன்று நாம் அறிந்த பென்சிலின். மற்றது புற்றுநோய்க்கு ஏற்கெனவே வழங்கி வந்த மாத்திரை.

2023 ஜூலையில் மத்திய அரசு இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்கு இரத்தப் பரிசோதனை என்பது இலக்கு. வரவேற்கிறேன். திட்டத்தில் சிகிச்சையும் சொல்லப்பட்டிருக்கிறது. என்றாலும் காதில் விழும் முழக்கம் 7 கோடி என்ற எண்தான். பரிசோதித்தவருக்கு அட்டை தருகிறார்கள்; திருமணத்துக்கு முன் இருவர் அட்டையையும் ஒப்பிடச் சொல்கிறார்கள். இங்கேதான் எனக்கு அச்சம். 1970-களில் அமெரிக்காவில் இப்படித்தான் பரிசோதனை பரவியது. நோயே இல்லாத, மரபணுவை மட்டும் சுமந்த கறுப்பின மக்கள் வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டனர். அந்நாட்டு விமானப்படைக் கல்விக்கூடம் 1981 வரை அவர்களைச் சேர்க்கவில்லை. அட்டை முன்னே ஓடி, மருந்து பின்னே நொண்டினால் மிஞ்சுவது ஒதுக்கல்தான். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களுக்கு இன்னொன்றா?

இது ஒருநாள் மருந்தில் தீரும் காய்ச்சல் அன்று. ஆயுள் முழுதும் கூடவே வரும் நோய். மாத்திரையைத் தவறாமல் உண்ண வேண்டும். அவ்வப்போது இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டோரக் குடியிருப்பிலிருந்து தாலுகா மருத்துவமனைக்குப் போய் வருவதென்றால் ஒருநாள் கூலி போயிற்று. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பெற்றோரும் தினக்கூலிகளே. அந்த ஒருநாளின் விலை எனக்குத் தெரியும். போன பிறகும், வலியில் துடிப்பவரைப் பார்த்து, 'காய்ச்சல் இல்லை, புண் இல்லை, நடிக்கிறாயா?' என்றால் அவர் மறுபடி ஏன் வருவார்? அமெரிக்காவிலும் கறுப்பின நோயாளிகள் போதைக்காக ஊசி கேட்பதாகச் சந்தேகிக்கப்பட்டது உண்டு.

2023 டிசம்பரில் அங்கே மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர்! அறிவியல் மாணவன் என்ற முறையில் வியக்கிறேன். ஆனால் நம் மலைக்கு முதலில் வர வேண்டியது அந்தப் பழைய மாத்திரைதான்.

வழி இல்லாமல் இல்லை. கூடலூரில் 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் தம் மக்களைக் கவனிக்கின்றனர். அரசு சுகாதார நிலையங்களிலும் அப்படிப்பட்டவர்களை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். மாத்திரை மாதந்தோறும் குடியிருப்புக்கே வர வேண்டும். பரிசோதனைக்கு வருபவருக்கு அன்றைய கூலியையும் கொடுக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைக் கேட்டு என் வகுப்பு நண்பன் சிரித்தான். அவன் அப்பாவுக்கு மாதச் சம்பளம்.